வகுப்புக்கே ஒரே கையெழுத்து

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். சின்னப் பிள்ளைகளை அவர்கள் கையைப் பிடித்துத்தான் எழுதப் பழக்குவேன். அதனால் எல்லோருடைய எழுத்தும் என் எழுத்தைப் போலவே இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு நாள் காலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் யாரோ கரியால் 'தராசு பொய் சொல்லுது' என்று எழுதியிருந்தார்கள். அங்கே நிறுப்பவர் கணக்கப்பிள்ளை. தோட்டத்துத் துரை பார்ப்பதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டுமென்று நேரே வகுப்புக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"சுவத்துல உள்ளத அப்படியே பலகையில எழுதுங்க வாத்தியாரே."

எழுதினேன். சுவரில் இருந்த அதே எழுத்து.

"இது ஒங்க எழுத்துத்தானே?"

ஆமென்றால் அன்றே மூட்டை கட்ட வேண்டும். பிள்ளைகளின் எழுத்து என்றால் எந்த லயத்து வீட்டில் அடி விழுமோ! சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் முன்வரிசையில் இருந்த அவருடைய மகள் கண்ணில் பட்டாள்.

"ஐயா, ஒங்க மகளையும் எழுதச் சொல்லிப் பாருங்க."

அவள் சிலேட்டில் எழுதினாள். கணக்கப்பிள்ளை சிலேட்டையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அழிச்சிரு புள்ள" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எழுதியது யாரென்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு பிள்ளையின் எழுத்து சற்று வேறாகச் சாய்ந்தால் போகட்டுமென்று விட்டுவிடுவேன். இப்போது விடுவதில்லை. மற்றவர்களுடையதைப் போலவே வரும்வரை கையைப் பிடித்து எழுதவைக்கிறேன்.