நிமிர்த்தி வைத்த துண்டு

நோயாளியின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை, எண்ணைத்தான் பார்ப்பாள். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், திசுப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருட வேலை. அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போடுவாள். தலைமுடியின் கனத்தில் பதினைந்தில் ஒரு பங்கு அது. கூடத்தில் அவளுக்கு ‘மைக்ரான் அக்கா’ என்றே பெயர். “என் தகட்டுல ஒரு சுருக்கம் காட்டுங்க, வேலைய விட்டுடறேன்” என்று சவால் விடுவாள். யாரும் காட்டியதில்லை. தலைக்கனம்தான், ஆனால் உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

அவளுடைய அண்ணன் பள்ளி வேன் ஓட்டுபவன். வாய் ஓயாதவன். பேச்சு நின்றால் அந்த இடத்தில் புகையிலை இருக்கும். நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு அவள் ஆறு மாதம் நச்சரித்தாள். நச்சரிப்பு தாங்காமல், அவளிடம் சொல்லாமலே அண்ணியோடு அவளுடைய மருத்துவமனைக்கே போய்ச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை ஆட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தான்; பின்னாலேயே அண்ணி.

“பாத்தியாடி? புற்றும் இல்ல, புண்ணாக்கும் இல்ல! ஊரையே பயமுறுத்தினியே!”

அவள் வாங்கிப் படித்தாள். மேல்தோல் செல்கள் உருமாறியிருக்கின்றன. ஊடுருவல் காணப்படவில்லை. அடித்திசு இந்தத் துண்டில் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கவும். அண்ணி இரண்டாவது வரியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள் மூன்றாவது வரியைத் திரும்பப் படித்தாள்.

வாய்த்தோல் துண்டை மெழுகில் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். கேக்கை மேலிருந்து கீழாக வெட்டினால்தானே அடுக்குகள் தெரியும்? கெட்டுப்போன செல்கள் மேல்தோலின் எல்லையைத் தாண்டிக் கீழே அடித்திசுவுக்குள் இறங்கியிருந்தால் அது புற்று. துண்டைப் படுக்க வைத்துச் சீவினால் மேல்தோல் மட்டுமே தெரியும். எல்லையும் தெரியாது, தாண்டியதும் தெரியாது.

அறிக்கையின் மூலையில் எண் இருந்தது: 2146.

திங்கள் காலை முதல் வேலையாக அந்த மெழுகுக்கட்டியைத் தேடி எடுத்தாள். துண்டு சுகமாகப் படுத்துக் கிடந்தது. ஓரத்தில் எழுதியிருந்த எண் அவளுடைய கையெழுத்து. அதைப் பதித்த அன்றைக்கு இரண்டு பேர் லீவு, அறுபத்தொரு மெழுகுக்கட்டிகள்; மதியத்துக்குள் முடிக்கிறேன் என்று மார்தட்டியிருந்தாள். முடித்தும் காட்டினாள்.

நேரே, அறிக்கை எழுதிய டாக்டரம்மாவின் மேசைக்குப் போனாள்.

“டாக்டர், இது நான் படுக்க வச்சது. உருக்கி, நிமிர்த்தி வச்சுத் தரேன். இன்னிக்கே பாருங்க.”

“நீங்களா? நம்ப முடியலையே.”

“என் கைதான். பதிவேட்டுல எழுதிட்டேன். எங்க அண்ணனோடதுங்கிறதால வரல; யாரோடதா இருந்தாலும் இப்படித்தான் வந்து நிப்பேன்.”

“சீவ மிச்சம் இருக்கா?”

“பாதிக்கு மேல இருக்கு. நான் பாத்துக்கறேன்.”

மெழுகை உருக்கினாள். இடுக்கியால் துண்டைத் தூக்கி விளிம்பில் நிறுத்தினாள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகப் பயந்தாள். மெழுகு உறைந்ததும் சீவினாள். சீவல் ஒரு சுருக்கமும் இல்லாமல் தண்ணீரில் மிதந்தது. மாலையில் டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“எல்லையத் தாண்டிடுச்சு. ஆனா ரொம்ப தூரம் போகல. நல்லவேளை, இப்பவே பாத்தோம்.”

அடுத்த வாரமே அறுவை நடந்தது. நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் போயிற்று. கழுத்து நிணநீர் முடிச்சுகளில் புற்று பரவியிருக்கவில்லை. அந்தத் துண்டுகளைச் சீவியதும் அவள்தான், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்துப் பதித்து.

முதல் சோதனையில் துண்டு படுத்துக் கிடந்ததை மட்டும் அறுவை செய்த டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்த அண்ணன் நோட்டில் எழுதி நீட்டினான்: ‘துண்டைப் படுக்க வெச்ச மகராசன் யாரு? ஆளைக் காட்டு, நாலு கேள்வி கேக்கணும்.’

“நான்தான்,” என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து மெதுவாக எழுதினான்: ‘நாக்கு ஆறட்டும். கேக்கறேன்.’

“கேளுண்ணே. ஆயுசுக்கும் கேட்டுக்கிட்டே இரு,” என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.