அவள் பேசி முடிக்கும் வரை

விதி தெளிவாகத்தான் இருந்தது. கையால் எழுத இயலாத மாணவர், தான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரை வைத்துக்கொண்டு பொதுத்தேர்வு எழுதலாம். எழுதுகிறவர் கீழ்வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும். கூடுதல் நேரம் உண்டு. விண்ணப்பத்தின் மீதான ஆணை, தேர்வு தொடங்கும் முன்பே பள்ளிக்கு வந்து சேர வேண்டும். தாலுகா அலுவலகத்தில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: நன்றாக எழுதப்பட்ட விதி. நிறைவேற்றும் வேலையை மனிதர்களிடம் கொடுத்தது ஒன்றுதான் அதில் குறை.

தொண்ணூறுகளின் நடுவில், ஓய்வூதியத்தோடு வீட்டில் உட்காரப் பிடிக்காமல், பல்லடம் சாலையில் இருந்த உதவிபெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். பத்தாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவ ஆள் வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். பேனாவுக்குக் கை பணியாது. பேச்சு வரும், ஆனால் எல்லா நிறுத்தத்திலும் நின்று வரும் டவுன் பஸ் மாதிரி வரும். இப்படி உதவுகிறவருக்கு அரசாணையில் பதவிப் பெயர் எதுவும் இல்லாததால், வருகைப் பதிவேட்டில் தோட்டக்காரருக்கு அடுத்த வரியில் என்னை எழுதினார்கள். தோட்டக்காரர் ஆட்சேபிக்கவில்லை.

முதல் நாள் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்களும்... நான் சொல்றதுக்குள்ள... சொல்லிப்போடுவீங்களா டீச்சர்?"

"எதை?"

"நான்... சொல்ல வந்ததைங்க."

அந்த வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து மனிதர்களின் மரியாதைதான் அவளுக்கு வாய்த்த பெரிய தொல்லை. எதிரில் ஒருவர் சொல்லுக்குத் திணறினால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது இங்கே மகா அநாகரிகம். உடனே கை கொடுத்தாக வேண்டும். அவள் "எனக்கு" என்று தொடங்கினால் ஒருத்தி தண்ணீர் நீட்டுவாள், ஒருத்தி விசிறுவாள், இன்னொருத்தி "தலை வலிக்குதா கண்ணு?" என்று நெற்றியைத் தொடுவாள். ஜன்னலைச் சாத்தச் சொல்ல வந்தவள் அத்தனையும் பெற்றுக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்திருப்பாள். என் வேலை அவளுக்குப் பாடம் சொல்வதல்ல என்று தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கச் செய்வதுதான் வேலை. பணியில் இருந்த காலத்தில் இதற்கு எனக்குத் தனித் திறமை உண்டு.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் விண்ணப்பம் அனுப்பினோம். நேரில் பார்த்து அறிக்கை தர மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் வந்த நேரத்தில் நான் மருத்துவச் சான்றிதழின் நகலுக்காகப் பஸ் ஏறிப் போயிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் நடக்க வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது.

அதிகாரி அவளிடம் பெயர் கேட்டாராம். தலைமை ஆசிரியை சொன்னார். ஊர் கேட்டாராம். கோழிப் பண்ணை வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அவள் அப்பா சொன்னார். எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டாராம். காபி கொண்டுவந்த ஆயா, "கணக்குன்னா உசுருங்க!" என்று சொல்லி டம்ளரை வைத்தார். கணக்கைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அதிகாரி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டு, தேர்வர் பேசவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். பேசாதவர் எப்படிச் சொல்வார்? சொல்லாதவருக்கு எழுத ஆள் எதற்கு? காகிதத்தில் வாதம் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "புள்ள செரமப்படக் கூடாதுன்னுதானுங்க நான் சொன்னேன். இப்படி ஆகும்னு நெனைக்கலீங்க."

அவள் அழவில்லை. "நான் வாயைத் தொறந்தேங்க டீச்சர். இன்னுங் கொஞ்சம் உட்டிருந்தா... இவங்களே பேசி... எனக்குக் கல்யாணமும்... முடிச்சிருப்பாங்க."

மறு விசாரணை கோரி மனு எழுதினேன். மேற்பார்வை அலுவலருக்கு ஒரு நகல், அவருக்கும் மேலே ஒரு நகல். மனுவைக் கிடப்பில் போடுவது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு, போட முடியாதபடி எழுதுவதும் தெரியும். அதே அதிகாரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மறுபடி வந்தார்.

இந்த முறை ஏற்பாடு என்னுடையது. தலைமை ஆசிரியைக்கு மாடியில் ஒரு வகுப்பை ஒதுக்கிவிட்டேன். ஆயாவிடம் அடுப்பை விட்டு நகரக்கூடாது என்றேன். அப்பா எங்கேயும் போக மாட்டேன் என்றார். கை நிறைய வெற்றிலையும் பாக்கும் கொடுத்துக் கதவோரம் உட்காரவைத்தேன். வாய் நிறைந்திருந்தால் பதில் வராது.

"நம்ம ஊருக்குத் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி வருது, சொல்லும்மா," என்றார் அதிகாரி.

"மேற்குத் தொடர்ச்சி... மலையில..." என்று தொடங்கி நின்றாள். சொல் கிடைக்காமல் அல்ல, வாய்க்கு வராமல். முதலில் விரல்கள் மடங்கின; பிறகு கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. கதவோரம் அப்பா பாக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் அவரை முறைத்தேன். அவர் மேல் கண் வைத்திருந்ததில் அதிகாரியைக் கோட்டை விட்டேன். அவரும் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ஒரு பெண் பிள்ளை திணறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கும் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை.

"பாலக்காட்டுக் கணவாய்..." என்று எடுத்துக் கொடுத்தார்.

அவள் கையைத் தூக்கினாள்.

"சார்... பரீட்சை... எனக்குங்களா... உங்களுக்குங்களா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். கதவோரத்தில் அப்பாவுக்குப் புரையேறியது. அதன் பிறகு யாரும் குறுக்கிடவில்லை. கணவாயையும் காற்றையும் அவளே கொண்டுவந்து சேர்த்தாள். மழை எங்கே பெய்து, நமக்கு ஏன் சாரல் மட்டும் மிஞ்சுகிறது என்பதையும் சொன்னாள். நடுவில் சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

போகும்போது என்னிடம், "நல்லாத்தான் பேசுதுங்க புள்ள," என்றார்.

"அதையே எழுதிக் கொடுங்க," என்றேன்.

எழுதினார். எழுதியது மேலே போனது. மேலே போனது கீழே வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். நினைவூட்டியதை நினைவூட்டி இன்னொன்று அனுப்பினேன். ஆணை இல்லாமலே தமிழ் முதல்தாள் வந்துவிட்டது.

தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர், பயந்த மனிதர். "ஆர்டர் இல்லாம நான் எப்படீங்கம்மா உள்ளே விடறது?" என்றார்.

"ஆணையை எதிர்நோக்கி அனுமதிக்கலாம். விதியில் இடம் இருக்கிறது," என்று பக்கத்தைக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு ஒரு நிபந்தனை சொன்னார்: ஆணை வராவிட்டால் முடிவை வெளியிட மாட்டார்கள், எழுதியது எழுதாததற்குச் சமம், சம்மதமா?

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். தன் கையால் எழுதினால் அந்த நேரத்துக்குள் ஒரு கேள்வியைத் தாண்ட மாட்டாள். அது எழுதும்போதே தெரிந்த தோல்வி.

"எழுதறேனுங்க," என்றாள். இந்த ஒரு சொல் மட்டும் எங்கும் நிற்காமல் வந்தது.

தையல்காரர் ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்புப் பெண், அவள் சொன்னதை எழுதினாள். எல்லாத் தாளும் முடிந்தன.

முடிவு வந்த நாள் செய்தித்தாளில் அவள் எண் இல்லை. நிறுத்திவைப்பு. அக்கம்பக்கத்துக்கு இந்த வேறுபாடெல்லாம் ஏது? அவள் வீட்டுக்கு வரிசையாக வந்து ஆறுதல் சொன்னார்கள்.

"போச்சாதுங்க அம்மணி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"நான் பெயிலுன்னு... யாருங்க... சொன்னது?"

"அட, நாங்க சொல்லுவமா?" என்றபடியே ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்கியது. மதிப்பெண் பட்டியல் இல்லாமல் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று தலைமை ஆசிரியை வருத்தத்தோடு சொன்னார். கடைசி நாள் வரை காத்திருப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டார். அவள் தினமும் சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்து, அலுவலக வாசல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பி, மதிப்பெண்ணுக்கான கட்டங்களை மட்டும் காலியாக வைத்திருந்தேன்.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. நடைபெறவிருக்கும் பொதுத்தேர்வில் எழுதுபவரை வைத்துக்கொள்ளத் தேர்வருக்கு அனுமதி அளிக்கப்படுகிறது என்று எதிர்காலத்தில் எழுதியிருந்தார்கள். கூடவே, முடிந்த தேர்வின் மதிப்பெண் பட்டியலையும் இணைத்திருந்தார்கள். எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, கணக்கில் மயிரிழையில். நான் கட்டங்களை நிரப்ப, தலைமை ஆசிரியை கையெழுத்திட்டுத் தேதி போட்டார். சேர்க்கையின் கடைசி நாள், ஜூன் இருபத்தொன்று.