சாரதா சின்னம்மாவும் அழாத சீன நடிகரும்

அம்மா போனில் சொன்னது ஒரு வரிதான். "சாரதா சின்னம்மா போயிற்றா, வீட்ட வா."

நான் ரியூசன் வகுப்பு வாசலில் நின்றேன். "எங்க போயிற்றா?" என்று கேட்டேன். காலையில் நெஞ்சு நோகுது என்றவர் மத்தியானம் இல்லை என்று யார் நினைப்பார்கள்?

"இண்டைக்குமா பகிடி?" என்று அம்மா போனை வைத்துவிட்டார். அபூர்வமாக நான் பகிடி இல்லாமல் கேட்ட கேள்வி அது.

சின்னம்மாவைத் தெரியாதவர்களுக்கும் அவரது குரல் தெரியும். எங்கள் ஊர் கல்லடியில் யாராவது இறந்தால் சித்தப்பாவின் ஓட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும். அதில் கேட்கும் அறிவித்தல், சின்னம்மா வீட்டிலிருந்து போனில் பதிந்து கொடுத்தது. இறந்தவரின் பெயரைச் சொல்வார். நிறுத்துவார். பிறகுதான் மற்றதெல்லாம்.

"ஏன் நடுவில நித்திரை கொள்றீங்க?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"பேரைக் கேட்டதும் சனத்துக்கு அந்த முகம் ஞாபகம் வரணும், புள்ள. அதுக்கு இடம் விட வேணாமா?"

பிறகு எங்கள் இருவரையும் ஒரு சீன நாடகம் பிடித்துக்கொண்டது. ஒரு பஸ் சாரதியின் கதை. சாரதாவுக்குச் சாரதிகளைத்தான் பிடிக்கும் என்று சித்தப்பாவையும் சேர்த்து நக்கலடிப்பேன். அதில் ஆட்கள் சாப்பிடுவார்கள், மழை பெய்யும், பாகம் முடிந்துவிடும். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. சும்மா சொல்வேனா? நாயகன் மகளை வழியனுப்பும் இடத்தில், "கோழிக்குத் தீன் போட்டிட்டுப் போ எண்டு சொல்றார்" என்று அளந்துவிட்டேன். சின்னம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த முகம் அப்பிடிச் சொல்லல்ல. ஒழுங்கா வாசி."

இன்னொரு பாகத்தில், ஆசுபத்திரியில் நாயகனிடம் தகப்பன் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அவர் கையில் சாப்பாட்டுப் பை. அவிழ்ந்திருந்த அதன் வாயை முடிகிறார். முடிச்சு சரியாக விழவில்லை, மறுபடி முடிகிறார். அவ்வளவுதான் நடிப்பு. கன்னத்தில் விழும் ஓர் அறையையே மூன்று பக்கமிருந்து காட்டும் நாடகங்களில் வளர்ந்த எனக்கு எரிச்சல் வந்தது.

"மரம் மாதிரி நிக்கிறான். இதுக்குச் சம்பளமும் குடுக்காங்களா?"

"விரலைப் பார்," என்றார் சின்னம்மா. "அவன் கத்தி அழுதா நாம அவனைப் பாப்பம். அழாததாலதான் செத்த மனிசன நினைக்கிறம்."

அப்படிப்பட்டவரின் மரணத்தை எப்படி அறிவித்தார்கள்? என் கோபமெல்லாம் அங்கேதான். நான் வாசிக்கிறேன் என்று கேட்டேன். "நீ ஏதும் கூத்துக் காட்டுவாய்," என்று பெரிய மாமா மறுத்துவிட்டார். செங்கலடியிலிருந்து ஓர் அறிவிப்பாளரைப் பிடித்தார். வயலின் அழுதது, அவர் அதை முந்திக்கொண்டு அழுதார். கல்லடியே கண்ணீரில் மிதக்கிறதாம். பக்கத்தில் வாவி கிடக்கையில், கண்ணீர் எது, வாவி எது என்று எப்படிப் பிரித்தாரோ. அடைமொழிகள் முடிந்து பெயர் வருவதற்குள் ஓட்டோ அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பிவிட்டது. சின்னம்மாவின் நெருங்கிய சிநேகிதி தகனம் முடிந்த பிறகு வந்து நின்றார். "ஆரோ பெரிய ஆள் செத்திட்டாங்க எண்டு நினைச்சன் புள்ள," என்றார். கூத்துக் காட்டியது யார் என்று மாமாவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் பகிடியாகிவிடும்.

முப்பத்தோராம் நாள் அறிவித்தலுக்குச் சித்தப்பா யாரையும் கேட்காமல் போனை என்னிடம் நீட்டினார். "நீ சொல்லு."

"கல்லடியைச் சேர்ந்த சாரதா," என்றேன். நிறுத்தினேன். மற்றதைச் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. சித்தப்பா பதிவை நிறுத்தாமல் காத்திருந்தார். மெல்ல மெல்ல மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

"அழிச்சிட்டுத் திரும்பச் சொல்லட்டா?"

"வேணாம். அப்பிடியே கிடக்கட்டும்," என்றார் சித்தப்பா.

நேற்று ஓட்டோ உங்கள் ஒழுங்கையால் போனபோது ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதென்று நினைத்தவர்களுக்கு: பழுதில்லை.

போயிற்று வாங்க, சின்னம்மா.