மடையை அடைத்தேன்

அந்தமானில், வண்டூரில் எங்கள் வீடு மேட்டுச் சரிவின் அடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் வாசல் வழியாக வராது, தரை வழியாக வரும். சிமெண்டுத் தரை வியர்க்கும், பாய் நனையும், அரிசி மூட்டையின் அடியில் பூசணம் பிடிக்கும். என் மனைவிக்கோ மூச்சிரைப்பு. ஒரு ஜூலையில் விடாமல் இருமினாள். ஈரத்தில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னையில் இருக்கும் மகள் டிக்கெட் எடுத்தாள். "தரை காஞ்சதும் வந்துடுறேங்க," என்று சொல்லிவிட்டு என் மனைவி மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினாள்.

அவள் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை. டீயில் சர்க்கரை குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் நான். இப்போது நானே போட்ட கண்றாவியை வாய் திறக்காமல் குடித்தேன்.

பக்கத்து வீட்டு வங்காளி என் வயதுக்காரர். மீன் வளர்க்கக் குளம் வெட்டியே பழகியவர். கொல்லைப் பள்ளத்தில் ஒரு குளம் வெட்டினால் வீட்டுக்கடியில் நிற்கும் தண்ணீர் அதில் ஊறி இறங்கும் என்றார். குளம் நிறையாதபடி தாழ்வாக ஒரு மடை வைத்து ஓடையில் விட்டுவிட வேண்டுமாம். "பானி கோ ஜானே தோ, பாய். ரோக்னா மத்," என்றார். தண்ணீரைப் போகவிடு, நிறுத்தாதே. கோடையில் இருவருமே மண்வெட்டி பிடித்து வெட்டினோம்.

அந்த மழைக்காலம் முழுக்கத் தரை காய்ந்தே கிடந்தது. தினமும் போனில் அவளிடம் இதையே சொன்னேன். டிசம்பர் கப்பலுக்கு டிக்கெட் போட்டாள். நான் வீட்டுக்கு வெள்ளையடித்தேன்.

நவம்பர் கடைசியில் புத்தி கெட்டது. இங்கே மார்ச் மாதமானால் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். சொட்டுகிற ஓட்டுக்கு அடியிலெல்லாம் டிரம் வைத்து வளர்ந்தவன் நான். நல்ல தண்ணீர் கண்ணெதிரே ஓடைக்குப் போனதைப் பார்க்க வயிறு எரிந்தது. மழைதான் முடிந்துவிட்டதே, அவளுக்குத் துணி துவைக்கவாவது ஆகும் என்று, சாக்கில் களிமண் அடைத்து மடையில் செருகினேன். அடுத்த வாரமே காற்றழுத்தத் தாழ்வு வந்து மூன்று நாள் கொட்டியது. குளம் விளிம்பு வரை நிறைந்தது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன், முட்டாள்.

அவள் வந்த அன்றைக்குத் தரை கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். இடுப்புவலியால் அவளுக்குக் கட்டில் ஒத்துக்கொள்ளாது, பாய்தான். காலையில் பாயைத் தூக்கினால் அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது.

"ஏங்க, இதத்தான் காஞ்சிருக்குன்னு சொன்னீங்களா?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

ஓடிப்போய்ச் சாக்கைப் பிடுங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வங்காளி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். குளம் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது, ஆனால் நனைந்த மண் அவ்வளவு சீக்கிரம் விடுமா? பன்னிரண்டு நாள் இருமிக்கொண்டே சமைத்துப் போட்டாள். அடுத்த கப்பலில் மகள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மடையை நான் தொடவில்லை. மூன்று மழைக்காலம் போய்விட்டது, தரையில் ஒரு பொட்டு ஈரமில்லை. மார்ச்சில் டேங்கர் லாரிக்குப் பக்கெட்டோடு நிற்கிறேன், முணுமுணுப்பதுகூட இல்லை. அவள் படுக்கிற இடத்தில் கையை வைத்துப் பார்ப்பது மட்டும் காலைப் பழக்கமாகிவிட்டது.

போன வாரம் போனில் கேட்டேவிட்டேன். "நெசமாவே காஞ்சிருக்கு. வந்துடேன்."

"தெரியுங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க," என்றாள். "ஆனா இங்கயே பழகிப்போச்சுங்க."

அன்பாகத்தான் சொன்னாள். கோபமாக இருந்தால் காலில் விழுந்தாவது சமாதானப்படுத்தியிருப்பேன். பழகிப்போனவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது?