கொடுத்ததைக் கொடுத்தபடி அடிப்பவர்

“ஜெய்னுலாபுதீன், நன்னிலம். தட்டச்சர். கொடுத்ததைக் கொடுத்தபடி அடிப்பவர். சொந்த அபிப்பிராயம் இல்லாதவர்.” தாலுகா கச்சேரி வேப்பமரத்தடியில் மேஜை போட அவருக்குக் கிடைத்த அனுமதித் தாளில் இப்படித்தான் இருந்தது. அபிப்பிராயமே இல்லாத அந்த மனிதர், இங்கிலீஷ் கல்யாணப் பத்திரிகையில் ஒரு காற்புள்ளி தவறினால் மாப்பிள்ளை வீட்டாரோடு சண்டைக்கு நிற்பார்.

தமிழே ஆட்சிமொழி என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலம். மிராசுதாருக்கும் குத்தகைதாரர்களுக்கும் நடந்த தகராறு, எல்லாரும் நிலத்தில் நீடிக்கலாம் என்ற பேச்சோடு அடங்கியது. அந்தச் சமாதானத்தை எழுதும் ராஜிப் பத்திரம் மட்டும் இங்கிலீஷில் வந்தது. மிராசுதாரின் காரியஸ்தர் இராஜாங்கம் வரைவை நீட்டினார். ‘குத்தகை நெல் அளந்த சாகுபடிக்காரர்கள் நீடிக்கலாம்’ என்ற இங்கிலீஷ் வரியில், ‘குத்தகை நெல் அளந்த’ என்பதற்கு இருபுறமும் வக்கீல் போட்ட இரண்டு காற்புள்ளிகள் வேறு மையில் அடிக்கப்பட்டிருந்தன.

“இந்தக் கமாவை யாரு அடிச்சுவிட்டது?”

“நான்தான். கொசு மாதிரி ரெண்டு. அதுக்கென்ன பாய்?”

“கொசுவுக்கா இவ்வளவு மெனக்கெட்டீங்க?”

இராஜாங்கம் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பாய்க்குப் பிடிக்கவில்லை. காற்புள்ளி இருந்தால், எல்லாரும் அளந்தவர்கள், எல்லாரும் நீடிப்பார்கள். எடுத்துவிட்டால், அளந்தவர்கள் மட்டும். களத்துமேட்டில் நெல்லை அளந்து வாங்கும் மிராசுதார்கள் ரசீது கொடுக்கிற வழக்கமே அந்தப் பக்கம் கிடையாது. அளந்ததை எவன் நிரூபிப்பான்?

எதிர் டீக்கடையிலிருந்து அம்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குத்தகைக்கு உழும் வயலும் அந்த வரிக்குள்தான் இருந்தது. காரியஸ்தர் சிரித்தது அவளுக்குப் போதும். நேரே வந்தாள்.

“என்ன பாய், காரியஸ்தர் வாங்கிக் கொடுத்தது வெறும் காப்பிதானா, பிரியாணியே ஆச்சா?”

“உக்காரும்மா. இதுல என்ன இருக்குன்னு சொல்றேன்.”

“அவங்க வேலையைப் பாக்குற நீங்க எனக்கு எதுக்குச் சொல்றீங்க? இதுல உங்களுக்கு என்ன?”

நல்ல கேள்வி. மிராசுதார் வீட்டு வேலை போனால் மேஜைக்குப் பாதி வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். தனக்கு என்ன என்பது மட்டும் தெரியவில்லை.

“உமக்கு அடிக்கத்தான் அனுமதி, பேச இல்ல” என்றார் இராஜாங்கம். இப்போது சிரிப்பு இல்லை.

அன்று ஜெய்னுலாபுதீன் எதையும் அடிக்கவில்லை. அந்த வரியைக் காற்புள்ளியோடு ஒருமுறையும் அது இல்லாமல் ஒருமுறையும், காரியஸ்தர் முன்னாலேயே, அம்சத்துக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்.