ஒரு ஜோடி ரப்பர் செருப்பு

வகுப்பில் ஒரு சிறுகதை நடத்திக்கொண்டிருந்தேன். அதில் வரும் மல்லிகைப்பூ அன்பின் குறியீடு என்று கரும்பலகையில் எழுதியதும், முன் பெஞ்சு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், பூ இல்லாம வேற எதையும் அப்படிச் சொல்லலாமா?"

எனக்கு ரப்பர் செருப்பு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான். சித்திரை வெயிலில் குறுக்குத்துறை ஆற்றுமணல் கொதிக்கும். நான் முதலில் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்கு ஓடுவேன். போய்ச் சேர்ந்ததும், கரை மர நிழலில் நிற்கும் அவளுக்குத் திருப்பி எறிய வேண்டும். ஒருநாள் விளையாட்டில் மறந்தே போனேன்.

"ஏட்டி, செருப்ப எறிட்டி!"

கத்திப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தாள். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துவிட்டன. வீட்டில் அம்மா கேட்டபோது, "நாந்தாம்மா போட மறந்துட்டேன்" என்றாள்.

"சொல்லலாம்மா" என்று மட்டும் சொல்லி மாணவியை உட்காரவைத்தேன்.

போன மாதம் அக்கா இறந்த அன்று, ஆஸ்பத்திரியில் அவள் செருப்பை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். இந்தத் தடவையும் செருப்பு என்னிடமே தங்கிவிட்டது. அவள் வெறுங்காலோடு போய்விட்டாள்.