சந்தில் மட்டும் எகிறும் நாடித்துடிப்பு

நகராட்சி அலுவலகத்தின் வரைவாளர் அம்மாள் இருபத்தாறு ஆண்டுகளாக ஊரின் தெருக்களையெல்லாம் வரைந்தவர். அவற்றுள் ஒன்றில்கூட ஓடியவர் அல்லர். பேருந்து புறப்பட்டுவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பாரே தவிர, கால் வேகத்தைக் கூட்ட மாட்டார்.

அப்படிப்பட்டவரின் மேசைக்கு வந்த வேலையைப் பாருங்கள்! ஓடுகிறவர்களின் கைக்கடிகாரச் செயலி சேர்த்த விவரங்களைக் கொண்டு, எந்தத் தெரு அவர்களுக்குப் பிடிக்கிறது, எது அச்சுறுத்துகிறது என்று வரைபடத்தில் வண்ணம் தீட்ட வேண்டுமாம். பூங்காவைச் சுற்றிப் பச்சை, மேம்பாலத்தடியில் மஞ்சள். டயர்க் கடைக்குப் பின்புறச் சந்தில் மட்டும் எல்லாருடைய நாடித்துடிப்பும் எகிறியது. வேகம் இரு மடங்காயிற்று. சந்து முடிந்ததும் அத்தனை பேரும் இரண்டு நிமிடம் நகராமல் நின்றிருந்தார்கள். அம்மாள் சிவப்பு அடித்தார்.

பொறியாளர் துள்ளினார். "பாத்தீங்களா மேடம்! பயந்து ஓடுறாங்க, அப்புறம் மூச்சு வாங்கி நிக்கிறாங்க. ரெண்டு பக்கமும் கதவு போட்டு மூடிடலாம். நாளைக்கு உங்க கையெழுத்தோட அறிக்கையைக் குடுங்க."

கண்ணால் பார்க்காத ஓர் இடத்தை அம்மாள் அதுவரை வரைந்ததே இல்லை. இப்போது அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஒரு வழியை அடைப்பதாவது! விடிந்ததும் மகளின் காலணிக்குள் பஞ்சு திணித்து மாட்டிக்கொண்டார். அதே செயலி இருந்த அவளுடைய கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொண்டார்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"ஆபீஸ் வேலைடி."

"இந்தக் கோலத்துலயா!"

சந்தில் பத்தடிதான் வைத்திருப்பார். டயர்களுக்கு நடுவிலிருந்து பெரிய வெள்ளை வாத்து ஒன்று, கழுத்தை ஈட்டிபோல் நீட்டிக்கொண்டு சீறி வந்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று. அம்மாளுக்கு இறக்கை முளைத்துவிட்டது.

"அடியே, போடி! நான் நகராட்சிடி!"

வாத்து எந்த அலுவலகத்தை மதித்தது? கொண்டை அவிழ, கண்ணாடி மூக்கு நுனிக்கு வர, சந்தின் மறுமுனையில் போய் விழாத குறையாக நின்றார். அங்கே மருத்துவமனைச் சீருடை தோள்பையிலிருந்து எட்டிப்பார்க்க, செவிலி ஒருத்தி விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொத்திடுச்சாக்கா?"

"எங்க? நான்தான் முந்திட்டேனே!"

"அப்படிப் போடுங்க! டூட்டிக்கு முன்னாடி இதுக்குன்னே சுத்திக்கிட்டு வர்றேன்க்கா. ஒரு தொரத்து வாங்கினா, நாள் பூரா சிரிப்பு தாங்காது."

அம்மாளும் சிரித்தார், வயிறு வலிக்க, கண்ணீர் வழியச் சிரித்தார். அடங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தார்: சரியாக இரண்டு நிமிடம்.

அலுவலகத்தில் சிவப்பை அழித்துவிட்டு, அவ்விடத்தில் சின்னதாய் ஒரு வாத்தை வரைந்தார். 'அச்சம் உண்டு, மகிழ்ச்சி அதனினும் மிகுதி. அடைக்க வேண்டா' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"இதுக்கு என்ன மேடம் ஆதாரம்?" என்றார் பொறியாளர். திரையில் அன்றைய கோடு ஒன்றைச் சுட்டிக் காட்டினார் அம்மாள்.

"யாரு இது, புயலாட்டம்?"

"நான்தான் சார். நம்பலைன்னா நீங்களும் ஒரு நடை போயிட்டு வாங்க. செருப்பு மட்டும் வேணாம், ஷூ போட்டுக்கோங்க."

மறுநாள் காலை வரைபடத்தில் புதுக் கோடு ஒன்று இருந்தது. அதில் அம்மாளுடையதையும் மிஞ்சிய வேகம். சந்து முனையில் நின்றிருந்த நேரமோ நான்கு நிமிடம்! அறிக்கையின் அடியில் பொறியாளரின் கையெழுத்தும் விழுந்திருந்தது, சற்றே நடுக்கத்துடன்.